நடக்காத சண்டையின் மீதிப் பாதி

நாச்சிமுத்து காதுக்குள் விரலை விட்டுக் கடலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதைத் திருப்பி எடுத்துக்கோங்க அம்மிணி. நாலு வருசமாப் போட்டுட்டுத் திரியறேன். ஒண்ணுமே நடக்கலை."

கருணாம்பிகைக்கு அன்றைக்கு அவர் பதினோராவது ஆள். முந்தைய பத்துப் பேரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஒண்ணும் நடக்காம இருக்கறதுக்குத்தானுங்கண்ணா இதைக் குடுத்ததே."

"அது எனக்கெப்படித் தெரியும்? இது இல்லாட்டியும் ஒண்ணும் நடந்திருக்காதோ என்னமோ. நானும் எம் பொண்டாட்டியும் சண்டையே போடறதில்லைங்க. சண்டை இல்லாத வீட்டுக்கு எதுக்குக் காவக்காரன்?"

கோயமுத்தூர் அவினாசி சாலையில் ஐந்தாவது மாடியில் இருந்தது 'இதம்' நிறுவனம். அது விற்ற பொருளுக்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லோரும் அதைக் காதுக்கடலை என்றுதான் சொன்னார்கள். பொரிகடலை அளவே இருக்கும். காதுக்குள் வைத்துக்கொண்டால் முதல் மூன்று மாதம் சும்மா கேட்டுக்கொண்டே கிடக்கும். எந்தச் சொல்லுக்கு எந்த வீட்டில் யார் பொங்குவார்கள் என்று படித்துக்கொள்ளும். பிறகு வேலையைத் தொடங்கும். ஒரு சொல் வாயை விட்டு வருவதற்கு முன்னால் தொண்டையில் ஒரு கணம் தயாராகி நிற்குமாம். அந்தச் சொல் வந்தால் சண்டை வரும் என்று கடலைக்குத் தெரிந்தால் காதுக்குள் கிச்சுக்கிச்சு மூட்டும். கை தானாகக் காதுக்குப் போகும். சொல் வந்த வழியே இறங்கிவிடும்.

வந்த புதிதில் ஊரே அதைக் கொண்டாடியது. சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன. நாலு வருஷத்தில் எல்லோருக்கும் எல்லாம் மறந்துவிட்டது. பல்வலி போன மறுநாளே பல் டாக்டரின் தெருவை மறந்துவிடுகிற உலகம்தானே இது.

புதுப்பித்தல் பிரிவைக் கவனித்துவந்த கருணாம்பிகை இதற்கு முன் பத்து வருஷம் ஆயுள் காப்பீடு விற்றவள். செத்தால்தான் பயன் என்கிற சரக்கையே சிரித்த முகத்தோடு விற்றவளுக்கு, உயிரோடு இருக்கும்போதே பயன் தருகிற இந்தச் சரக்கை விற்க முடியவில்லை. அவளுக்கே அது பெரிய அவமானமாக இருந்தது.

நாச்சிமுத்துவை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, தலைவர் யோகானந்தின் அறைக்குப் போனாள். யோகானந்துக்கு முப்பத்திரண்டு வயது. மெட்ராஸ்காரர். கடலையைக் கண்டுபிடித்த குழுவில் ஒருவர். பயனர்கள் விலகிப்போகிற விவரம் பார்த்துப் பார்த்து மீசையைக் கடிக்கும் பழக்கம் வந்திருந்தது.

"மேடம், நம்ம சர்வீஸ்ல குறையே இல்ல. அது பண்ற வேலை கண்ணுக்குத் தெரியல, அதான் குறை" என்றார். "தெரிய வச்சுட்டா?"

"நடக்காததை எப்படிங்க சார் காட்டறது?"

"காட்டலாம். யாரு என்ன சொல்ல வந்தாங்கன்னு நம்மகிட்ட இருக்கு. வீட்ல ஒவ்வொருத்தரும் எதுக்கு எப்படிப் பதில் சொல்வாங்கன்னும் இருக்கு. அன்னைக்குக் கடலை தடுக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு மிஷின் படமாவே போட்டுத் தரும். அவங்க முகம், அவங்க குரல். பன்னெண்டு நிமிஷப் படம்."

அடுத்த வாரம் முதல் படம் நாச்சிமுத்துவுக்குத்தான் போட்டார்கள். கணபதிப் பகுதியில் கிணற்று மோட்டார் செய்கிற பட்டறை வைத்திருந்த மனிதர். சிமென்ட் மூட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

போன பொங்கலன்று அவருடைய மைத்துனர் ரங்கசாமி பொள்ளாச்சியிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார். இலையில் உட்கார்ந்ததும், தோப்புக் கிணற்றுக்குப் புது மோட்டார் போட்டிருப்பதாகச் சொன்னார். வேறு கம்பெனி மோட்டார். மோட்டார் பட்டறை வைத்திருக்கிற மச்சான் வீட்டில், மச்சான் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நிஜத்தில் நாச்சிமுத்து அன்றைக்குக் காதைச் சொறிந்துகொண்டு, "ரசம் ஊத்திக்கங்க மாப்ள" என்றார். படத்தில் அவர் காதைச் சொறியவில்லை.

"உங்க குடும்பத்துல நல்ல சரக்கைப் பாத்து எடுக்கத் தெரிஞ்சவங்க ஆரு இருக்கறீங்க?" என்றார் படத்து நாச்சிமுத்து.

"அதுஞ்சரி. அதனாலதான உங்களைப் பாத்துக் கட்டி வெச்சாங்க" என்றாள் படத்து மனைவி மயிலாத்தாள்.

அப்புறம் இலை மடிந்தது. ரங்கசாமி எழுந்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தில் பாயசம் தண்ணியாக இருந்தது முதல் எல்லாம் வெளியே வந்தது. மயிலாத்தாள் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் காரில் ஏறினாள். பட்டறை மேஸ்திரி அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவனும் சாவியை வைத்துவிட்டுப் போனான். கடைசிக் காட்சியில் நாச்சிமுத்து தனியாகச் சமையலறையில் நின்று, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு படம் நின்றது.

நாச்சிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அஞ்சு வருசத்துக்குப் போட்டுருங்க அம்மிணி" என்றார். "உப்பு எங்கிருக்குதுன்னு எனக்கு நெசமாலுமே தெரியாதுங்க."

அதன்பிறகு ஐந்தாவது மாடியில் கூட்டம் அள்ளியது. போட்டுக் காட்டத் தனிக் கூடமே கட்டினார்கள். முதலில் தம்பதிகளாக வந்தவர்கள் பிறகு பிள்ளைகளோடும், அதற்குப் பிறகு முறுக்குப் பொட்டலங்களோடும் வந்தார்கள். போத்தனூரிலிருந்து ஒரு குடும்பம் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்தது. "போன வாரம் எங்க சித்தப்பா செருப்பைத் தூக்குனாருங்களே, அதை இன்னொருக்காப் போடுங்க" என்று கேட்டார்கள். சித்தப்பாவும் கூடவே இருந்தார். அவர்தான் சத்தமாகக் கேட்டார்.

விலகுகிறவர்கள் நின்றுபோனார்கள். யோகானந்தின் மீசை வளர்ந்தது.

ஆனால் படம் முடிந்து கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போன ஜோடிகள் அங்கேயே நின்று வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள்.

"நீங்க சொல்லலை. சரி. சொல்ல நெனச்சீங்கல்ல?"

"நெனச்சதுக்கெல்லாமா பதில் சொல்லுவாங்க?"

"எங்கம்மாவை அப்படி நெனைக்கற வாய்க்குள்ளதான் நான் நெதமும் சோத்தைப் போடறேன்."

சொல்லாத சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்ட முதல் தலைமுறை அந்த ஊரில் அந்த வண்டி நிறுத்தத்தில்தான் உருவானது. காவலாளி மேலே வந்து முறையிட்டபோது யோகானந்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இதுக்கும் கடலையப் பழக்கிடலாம் மேடம். படம் பாத்த பின்னாடி வர்ற சண்டைக்குத் தனி பேக்கேஜ்!"

கருணாம்பிகைக்குக் காதுக்குள் கிச்சுக்கிச்சு மூட்டியது. ஊழியர்களும் கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நல்லதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து மறுபடி வந்தார். இந்தத் தடவை அவர் பின்னால் நின்றார். முன்னால் நின்றது மயிலாத்தாள். ஒல்லியான உடம்பு, ஐம்பத்தி மூன்று வயது, கையில் ஒரு கைப்பை. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டுங்க அம்மிணி. இவர் மட்டும் பாத்துட்டு வந்து ரண்டு மாசமாப் பூனை மாதிரி நடக்கறார்."

கருணாம்பிகை தன் அறையிலேயே போட்டாள். 'அதனாலதான உங்களைப் பாத்துக் கட்டி வெச்சாங்க' என்ற இடத்தில் மயிலாத்தாள் கொஞ்சம் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். உப்பு டப்பா வந்தது. படம் நின்றது.

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்கக்கா."

"நான் அண்ணன் வீட்டுக்குப் போனனல்ல? அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்கக்கா. இது நடக்கவே இல்லை."

"நடக்காட்டிப் போச்சாது. என்ன ஆச்சு?"

கருணாம்பிகை யோசித்தாள். அவள் ஏற்கெனவே ஒருநாள் யோகானந்திடம் இதைக் கேட்டிருந்தாள். மிஷின் பதினைந்து நாளுக்குப் போட்டு வைத்திருக்கிறது, நாம்தான் மோசமான இடத்தில் வெட்டுகிறோம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். 'இடைவேளை மாதிரி மேடம்' என்றார். 'இடைவேளைலயே வீட்டுக்கு அனுப்பிடறீங்களே சார்' என்று அவள் சொல்ல வந்தபோதும் காது அரித்தது. மீதியைப் பயனருக்குக் காட்டினால் வேலை போகும் என்று விதிகளில் இருந்தது.

மயிலாத்தாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பஸ் வருகிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது உட்கார்ந்த விதம்.

கருணாம்பிகை எழுந்து கதவைச் சாத்தினாள். மீதியைப் போட்டாள்.

இரண்டாம் நாள் நாச்சிமுத்து உப்பில்லாத உப்புமா தின்றார். மூன்றாம் நாள் கார் சாவி எங்கே இருக்கிறதென்று தெரியாததால் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போனார். ரங்கசாமி வாசலிலேயே மறித்துக்கொண்டார். நாச்சிமுத்து அவரைச் சுற்றிக்கொண்டு தோப்புக்குள் போனார். கிணற்று மேட்டில் புது மோட்டாருக்குப் பக்கத்தில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை.

"மயிலு" என்றார் படத்து நாச்சிமுத்து. "அந்த லெட்டரு வந்துச்சு. நாந்தான் ஒளிச்சு வெச்சேன்."

"நிறுத்துங்க அம்மிணி!"

நிஜ நாச்சிமுத்து எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. கருணாம்பிகை நிறுத்தினாள்.

"இது பொய்யி. இதுக்கெப்படித் தெரியும்? நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. எங்கம்மாகிட்டக்கூடச் சொன்னதில்லை."

சத்தம் கேட்டு யோகானந்த் கதவைத் திறந்துகொண்டு வந்தார். திரையைப் பார்த்தார், கருணாம்பிகையைப் பார்த்தார். வேலை போகிற விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். தன் மிஷினைப் பொய் என்று சொன்னதுதான் அவரைச் சுட்டது.

"மிஷின் கதை கட்டாது சார். உங்க தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையைத்தான் எடுத்துக்கும். இருங்க." குனிந்து எதையோ தேடினார். "இந்த வரி, நாலு வருஷத்துல நாப்பத்து மூணு தடவை வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் கடலை தடுத்திருக்கு."

"ஏன் தடுத்துச்சு?" என்றாள் மயிலாத்தாள்.

"சொன்னா சண்டை வரும்ல மேடம்" என்றார் யோகானந்த். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்ததும் பெருமை மெல்ல இறங்கியது.

"எப்பெப்ப வந்துச்சு?"

யோகானந்த் வாசித்தார். மகள் கல்யாணம் முடிந்து காரில் திரும்பியபோது ஒரு தடவை. மயிலாத்தாள் காய்ச்சலில் கிடந்த வாரம் ஆறு தடவை. பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ பாடியபோதெல்லாம் ஒவ்வொரு தடவை. அதுவே பதினெட்டு ஆயிற்று.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். உடனே கை காதுக்குப் போனது. மறுபடி திறந்தார். மறுபடி கை போனது.

"அந்தக் கருமத்தைக் கழட்டி வெச்சுட்டுப் பேசுங்க" என்றாள் மயிலாத்தாள்.

கழற்றினார். கடலை நழுவித் தரையில் விழுந்து மேசைக்கு அடியில் ஓடியது. யாரும் தேடவில்லை. மயிலாத்தாளும் தன்னுடையதைக் கழற்றிப் பேனாத் தட்டில் போட்டாள்.

"கல்யாணமாயி ஆறு மாசம்" என்றார். "உடுமலைப்பேட்டை கவருமெண்டு ஸ்கூலுக்குப் பாட்டு டீச்சர் ஆர்டரு. தபாலு எங்கைலதான் வந்துச்சு. நீ அங்க போயிட்டா அங்கயே இருந்துருவியோன்னு ஒரு பயம் மயிலு. ரண்டு நாள் வெச்சிருந்து குடுக்கலாம்னு பட்டறைல பழைய டப்பாவுல போட்டேன். தேதி தாண்டிப்போச்சு. அப்புறம் நீ பாடறதையே உட்டுட்டே."

"தெரியும்" என்றாள் மயிலாத்தாள்.

"என்னது?"

"அடுத்த வருசம் தபால்காரர் ரிட்டேர்டு ஆகறப்ப வீடு வீடாச் சொல்லீட்டுப் போனார். 'ஏனம்மிணி, ஆர்டரு வந்தும் வேலைக்குப் போகாம உட்டுட்டீங்களே'ன்னார். அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் எங்கிட்டக் கேக்கலை?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொல்ல வந்தேன் மயிலு! நாப்பத்து மூணு தடவை வந்தனாம்! இதுதான்..." என்று மேசைக்கு அடியைக் காட்டினார்.

"இது காதுல ஏறி நாலு வருசந்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி இருபத்தஞ்சு வருசம் இருந்துச்சே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அங்கே தொடங்கியது. இதம் நிறுவனத்தின் வரலாற்றில், அதன் அலுவலகத்துக்குள்ளேயே, பட்டப்பகலில் நடந்த முதல் முழுச் சண்டை. மயிலாத்தாள் எதையும் விட்டு வைக்காமல் பேசினாள். லெட்டரில் தொடங்கி, மாமியார் இருந்தவரை வீட்டில் ராகம் இழுக்கக்கூடாது என்றிருந்தது, பாத்திரம் கழுவும்போது முனகினால்கூட நாச்சிமுத்து 'தலை வலிக்குது' என்றது, மகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பலாம் என்றபோது கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியது வரை வந்தாள். நாச்சிமுத்து சிலதை மறுத்தார். சிலதை ஒப்புக்கொண்டார். ஒரு கட்டத்தில், அவள் அண்ணன் வேறு கம்பெனி மோட்டார் வாங்கியது மட்டும் நியாயமா என்று கேட்டார். நியாயமில்லைதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். மற்ற ஊழியர்கள் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரு சண்டையை நேரில் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கருணாம்பிகை இருவருக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தாள். குடித்துவிட்டு மேலே தொடர்ந்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த நாப்பத்து மூணும் இவர் குரல்ல இருக்குதா?"

"இருக்குதுங்க. தொண்டையிலருந்து எடுத்துக் குரலா மாத்தலாம். ஆனா அப்படி ஒரு சர்வீஸ் நம்மகிட்ட..." யோகானந்த் இழுத்தார். "அது சாரோட சொந்த விஷயம். அவர் சம்மதிக்கணும்."

மயிலாத்தாள் பேனாவை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். நாச்சிமுத்து எங்கே கையெழுத்து என்றுகூடக் கேட்காமல், கிடைத்த தாளில் போட்டுக்கொடுத்தார்.

"இதுக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார் யோகானந்திடம்.

"இன்னும் விலையே போடலைங்களே."

"இத்தனை வருசம் கட்டுனதெல்லாம் இதுக்கே சரியாப் போச்சு" என்றாள் மயிலாத்தாள். "மத்தபடி உங்க கடலை எங்களுக்கு வேண்டாம்."

நாச்சிமுத்து அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். லிஃப்ட் கதவு மூடுகிறவரை அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவர் கருணாம்பிகைக்குப் போன் செய்தார். மயிலாத்தாள் தினமும் காலையில் காபி குடித்ததும் அந்த நாற்பத்து மூன்றில் ஒன்றைப் போட்டுக் கேட்கிறாளாம். கேட்டு முடித்ததும் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பத்து நிமிஷம் திட்டுகிறாளாம். அப்புறம் சமையலறைக்குப் போய் ஏதோ முனகிக்கொண்டே வேலை பார்க்கிறாளாம்.

"என்ன ராகம்னு எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. இன்னும் முப்பது நாளைக்கு இருக்குது. அதுக்குள்ள உப்பு டப்பாவைக் கண்டுபுடிச்சுட்டேன்."

கருணாம்பிகையின் வேலை போகவில்லை. யோகானந்த் அந்த வியாழக்கிழமையே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், திங்கட்கிழமை புதுத் திட்டத்தோடு வெளியே வந்தார். பெயர் 'விழுங்கியவை'. உங்கள் வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லாமல் விழுங்கியதெல்லாம், அவர் சம்மதத்தோடு, அவர் குரலில். நல்ல சொற்கள் மட்டும் வேண்டுமானால் தனி விலை.

"இதுக்கு விளக்கமே தேவையில்ல மேடம். யாரு வேண்டாம்பாங்க?"

உண்மைதான். கருணாம்பிகைக்கே ஆசை வந்துவிட்டது. அவள் கணவர் திருமூர்த்தி, வேளாண் பல்கலைக்கழகத்தில் மண் பரிசோதிக்கிறவர். மண்ணோடு பழகிப் பழகியோ என்னவோ, பேச்சே இல்லாத மனிதர். ஊழியர் குடும்பம் என்று அவருக்கும் ஒரு கடலை இலவசமாகக் கிடைத்திருந்தது. இத்தனை காலமும் அவள் அவரை அமைதியான ஆள் என்று மட்டும் நினைத்திருந்தாள். நாச்சிமுத்துவைப் பார்த்த பிறகு, அந்த அமைதிக்கு அடியில் ஒரு கடலே கிடப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. சம்மதப் படிவத்தை நீட்டியபோது "ம்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் விவரம் வந்தது. விழுங்கிய சொற்கள்: இல்லை. ஒன்றுகூட இல்லை.

கடலை பழுதாக இருக்கும் என்று யோகானந்த் சோதித்துப் பார்த்தார். கடலை பிரமாதமாக இருந்தது.

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது திருமூர்த்தி சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பையை இறக்கவில்லை.

"ஏனுங்க, நாலு வருசத்துல ஒரு வார்த்தைகூடவா முழுங்கலை நீங்க?"

"ம்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

திருமூர்த்தி பேப்பரை மடித்தார். அவருக்கு மெய்யாகவே ஆச்சரியமாக இருந்தது. "முழுங்கறதுக்கு என்ன இருக்குது? எல்லாந்தான் சொல்லீட்டே இருக்கறனே."

"எப்ப?"

"நீ பேசறப்பெல்லாம் 'ம்'ங்கறனே."

"அதுல என்னத்தைங்க நான் கண்டேன்?"

"எல்லா 'ம்'மும் ஒண்ணுன்னா நெனச்சே?"

கருணாம்பிகை அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. காத்தால நான் கெளம்பறப்ப ஒண்ணு சொன்னீங்களே. அது என்னது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது வந்து... நேத்து ரசம் நல்லா இருந்துச்சு. அந்த நீலச் சேலை உனக்கு எடுப்பா இருக்குது. கண்டவன் பேசறதுக்கெல்லாம் மனசை ஒடச்சுக்காதே. வெளிய கேட்டைச் சாத்தீட்டுப் போ."

கருணாம்பிகை காலையில் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போயிருந்தாள். அந்த 'ம்'மில் அது ஒன்றுதான் அவளுக்குப் புரிந்திருந்தது.